மீனினம் கண்ட மருத்துவர்

திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் வடபால், துறையூருக்கு அணித்தே பச்சைமலை எழுந்து நிற்கின்றது. அதன் அடியில் வயலும் கொல்லையும் ஏரியும் ஊருமாகச் சமவெளி பரந்து கிடக்கின்றது. மலைமீது ஏறிச் செல்வோர் கீழே காணாத மரங்களையும் கொடிகளையும் அங்கே காண்பர். கீழே கேளாத பறவைகளின் ஒலியையும் கேட்பர். வெம்மை மிக்க சமவெளியின் நடுவே தனித்து நிற்றலால், அம்மலை தனக்கென ஓர் உயிர்க்குடியைப் பேணி வருகின்றது. கடல் நடுவே நிற்கும் தீவும் இத்தகையதே. நிலத்து உயிர்களுக்கேயன்றி, அதன் கரையை ஒட்டி வாழும் மீன்களுக்கும் அத்தீவு ஒரு தனி உலகம் ஆகும்.

எந்த உயிர் எங்கே வாழ்கின்றது என்பதை அறிந்தாலன்றி, அதனைக் காக்கும் வழியை அறிதல் இயலாது. இந்திய நாட்டின் ஆறுகளிலும் கடல்களிலும் தீவுகளிலும் வாழும் மீன்களை இம்முறையில் ஆராய்ந்து, அவற்றின் வாழிடங்களோடு எழுதி வைத்த பெருமை பிரான்சிஸ் டே என்னும் ஆங்கில மருத்துவரைச் சாரும். சென்னை நகரம் தோன்றுதற்குக் காரணமாயிருந்தவருள் ஒருவரும் இதே பெயர் பூண்டவரே. அவர் பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த வணிகக் கழக அலுவலர். இவரோ பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த அறிஞர். பெயர் ஒன்றாயினும் இருவரும் வேறானவர்.

பிறப்பும் இளமையும்

பிரான்சிஸ் டே 1829ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 2ஆம் நாள், இங்கிலாந்தில் சசெக்சுப் பகுதியைச் சேர்ந்த மேர்சுபீல்டு என்னும் ஊரில் பிறந்தார். சுரூசுபரிப் பள்ளியில் கல்வி பயின்றார். பின்னர் இலண்டன் மாநகரத்துச் செயின்ட் சார்சு மருத்துவமனையில் மருத்துவம் கற்றுத் தேர்ந்தார். 1852ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் உதவி மருத்துவராக அமர்ந்தார். அவ்வாண்டில் மூண்ட இரண்டாம் பர்மியப் போரில் காயமுற்றோர்க்கு மருத்துவம் புரியும் பணி அவருக்கு வாய்த்தது.

படை மருத்துவர் ஓரிடத்தில் நிலைத்திருத்தல் அரிது. இன்று ஓர் ஊர், நாளை வேறோர் ஊர் என்று மாறிக்கொண்டே இருத்தல் வேண்டும். பலர் இதனைத் துன்பமாகக் கருதுவர். டே அதனையே தம் கல்விக்கு வாயிலாக ஆக்கிக்கொண்டார். சென்ற ஊர்தோறும் ஆற்றையும் குளத்தையும் கழியையும் கடலையும் நாடிச் சென்று, அங்கு வாழும் மீன்களைக் கூர்ந்து நோக்கலானார். நோயாளரைப் பார்த்த பின்னர்க் கிடைத்த ஓய்வுப் பொழுதெல்லாம் மீன்களைப் பார்ப்பதிலேயே கழிந்தது.

கொச்சியில் தொடங்கிய ஆராய்ச்சி

சில ஆண்டுகளில் அவர் கொச்சி நகரின் மருத்துவராகப் பணியேற்றார். கொச்சி, கடலும் காயலும் ஆறும் கூடும் இடம். உவர்நீர் மீனும் நன்னீர் மீனும் இரு நீரிலும் வாழும் மீனும் அங்கே ஒருங்கே கிடைக்கும். டே அவற்றை விடாது தொகுத்தார். ஒவ்வொரு மீனின் செதிலையும் துடுப்பின் முட்களையும் எண்ணினார், நிறத்தைக் குறித்தார், வடிவத்தைத் தாமே வரைந்தார். இவ்வுழைப்பின் பயனாக மலபார்ப் பகுதியின் மீன்களைப் பற்றிய அவரது நூல் 1865ஆம் ஆண்டு வெளிவந்தது.

அவ்வாண்டில் அவர் உலகிற்கு அறிவித்த மீன்களுள் ஒன்று, உடலின் ஓரமாகச் சிவந்த கோடு ஓடும் ஓர் அழகிய கெண்டை. அந்நாளில் சென்னை ஆளுநராயிருந்த டெனிசன் பெயரை அதற்குச் சூட்டினார். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளில் மட்டுமே வாழும் அம்மீன், இக்காலத்தில் வீடுகளின் கண்ணாடித் தொட்டிகளில் வளர்ப்பதற்காகப் பெருவாரியாகப் பிடிக்கப்பட்டு அருகி வருகின்றது. அழகே அதற்குப் பகையாயிற்று.

முன்னோரும் இவரும்

டேக்கு முன்னரும் இந்திய மீன்களை ஆராய்ந்தோர் உளர். பதினெட்டாம் நூற்றாண்டில் தரங்கம்பாடியில் வாழ்ந்த சான் என்னும் செருமானியச் சமயத் தொண்டர், சோழமண்டலக் கரையின் மீன்களைப் பதப்படுத்திப் பெர்லின் நகரத்து அறிஞர் பிளாக்குக்கு அனுப்பி வைத்தார். பிளாக்கு அவற்றுக்குப் பெயரிட்டு நூல் எழுதினார். கத்தாளை மீன்களுள் ஓர் இனம் சானின் பெயரையே இன்றும் தாங்கி நிற்கின்றது. விசாகப்பட்டினத்தில் இரசல் என்பாரும், கங்கைக் கரையில் ஆமில்டன் என்பாரும் மீன்களை ஆராய்ந்து நூல் செய்தனர்.

ஆயினும், பிளாக்கு இந்தியக் கடலைக் கண்ணால் கண்டவர் அல்லர். குப்பியில் வந்த மீனின் நிறம் மங்கியிருக்கும். அது வாழ்ந்த நீர் எத்தகையது, எப்பருவத்தில் முட்டையிடுவது, எதனை உண்பது என்பனவற்றை அக்குப்பி கூறாது. டேயோ மீன் வாழும் இடத்திற்கே சென்றார். வலை இழுக்கும் கரையில் நின்று, மீனவரிடம் கேட்டுக் கேட்டு எழுதினார். அவரது பெருநூலில் மீன்களின் இலத்தீன் பெயர்களோடு தமிழ் முதலிய இந்திய மொழிகளில் வழங்கும் பெயர்களும் இடம் பெற்றிருத்தல் இதற்குச் சான்று. கல்லாதவர் என்று பிறர் எண்ணிய பரதவரை, அவர் தமக்கு ஆசிரியராக ஏற்றுக்கொண்டார்.

அணையும் மீனும்

டேயின் வாழ்வைத் திருப்பிவிட்ட நிகழ்ச்சி ஒன்று காவிரி நாட்டோடு தொடர்புடையது. கல்லணையின் கட்டுமுறையைக் கண்டு வியந்த ஆர்தர் காட்டன் என்னும் பொறியாளர், 1836ஆம் ஆண்டை ஒட்டிக் கொள்ளிடத்தின் குறுக்கே திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே மேலணையையும், அணைக்கரையில் கீழணையையும் எழுப்பினார். பின்னர்க் கோதாவரியிலும் அணை கட்டினார். வறண்ட நிலங்கள் விளைநிலங்களாயின; பஞ்சத்தின் கொடுமை தணிந்தது. உழவர் அவரைப் போற்றினர்.

ஆனால், நீருக்குள் மற்றொரு மாறுதல் நிகழ்ந்துகொண்டிருந்தது. உள்ளம் என்று தமிழர் வழங்கும் மீன் கடலில் வளர்வது; வங்காளத்தில் இலிசா என்று பெயர் பெற்றதும் அதுவே. வெள்ளக் காலத்தில் அது ஆற்றின் எதிரேறிச் சென்று, நன்னீரில் முட்டையிடும். ஆற்றின் குறுக்கே கற்சுவர் எழுந்தபின் அதன் வழி அடைபட்டது. முட்டையிட வந்த மீன்கள் சுவரின் அடியில் திரண்டு நின்றன. அங்கே அவற்றை எளிதில் வாரி எடுத்தனர். ஆற்றில் குஞ்சு குறைந்தால் கடலிலும் மீன் குறையும் அன்றோ?

இக்குறையை 1867ஆம் ஆண்டு இலண்டனிலிருந்த இந்திய அமைச்சருக்கு எழுதி உணர்த்தியவர், அணைகளைக் கட்டிய காட்டனே ஆவார். தாம் செய்த நன்மையுள் ஒரு தீமையும் கலந்திருக்கக் கூடும் என்று ஐயுற்று, அதனை ஆராய்க என்று தாமே வேண்டிய அப்பெருந்தன்மை போற்றத்தக்கது. அந்த ஆராய்ச்சிப் பணி டேயிடம் ஒப்படைக்கப்பட்டது.

டே சென்னை மாகாணத்தின் ஆறுகளை ஆராய்ந்தார். அணைகள் மீன்களின் வழியை மறித்தல் உண்மையே என்று கண்டார். அதனோடு அவர் நிற்கவில்லை. கண்ணி நெருங்கிய வலைகளும், வாய்க்கால்களில் நிலையாக வைக்கும் பொறிகளும், நீரில் கலக்கும் நஞ்சும் இளங்குஞ்சுகளை அழித்து வருதலையும் எடுத்துக்காட்டினார். அணைகளில் மீன் ஏறிச் செல்லப் படிவழி அமைத்தல் வேண்டும் என்றும், குஞ்சுகளைக் காக்கச் சட்டம் வேண்டும் என்றும் அறிவுறுத்தினார். அணை வேண்டா என்று அவர் சொல்லவில்லை. பயிருக்கு நீர் வேண்டும். மீனுக்கு வழியும் வேண்டும் என்பதே அவர் கருத்தின் சாரம். தமக்கு ஊதியம் அளிக்கும் அரசின் புகழ்மிக்க பணியில் உள்ள குறையை அவ்வரசிடமே எடுத்துரைக்க அவர் தயங்கவில்லை.

உப்பும் மீனவரும்

டேயின் திறமையை உணர்ந்த அரசு, இந்தியா முழுவதற்கும் பர்மாவுக்கும் உரிய மீன்வளத்தை ஆராயும் தலைமை அலுவலராக அவரை அமர்த்தியது. அவர் எழுதிய இரண்டு அறிக்கைகள் 1873ஆம் ஆண்டு வெளிவந்தன. ஒன்று நன்னீர் மீன்களைப் பற்றியது. மற்றொன்று கடல் மீன்களைப் பற்றியது.

இரண்டாவது அறிக்கையில் அவர் மீனவரின் துயரத்தை எடுத்துரைத்தார். அந்நாளில் உப்புக்கு வரி மிகுதி. ஒரு நாள் வலை நிறைய மீன் கிடைத்தாலும், அதனை உப்பிட்டுக் காயவைக்க மீனவரிடம் பொருள் இல்லை. சிலர் உவர்மண்ணைக் கொண்டு பதப்படுத்தினர். அம்மீன் விரைவில் கெட்டு, உண்டார்க்கு நோய் விளைத்தது. எஞ்சிய மீன் கரையிலேயே அழுகியது. கடல் கொடுத்ததை வரி பறித்துக்கொண்டது. மீன் பதப்படுத்துவோர்க்கு உப்பு மலிவாகக் கிடைத்தல் வேண்டும் என்று டே வற்புறுத்தினார். பின்னர்ச் சென்னை மாகாணக் கடற்கரையில் அரசு மீன் பதனிடும் களங்களைத் திறந்து, வரியின் சுமையில்லாத உப்பை அங்கே வழங்கியது. மீனைப் பற்றிய ஆராய்ச்சி, மீனை நம்பி வாழும் மக்களின் வயிற்றுக்கும் துணையாயிற்று.

தீவுகளின் மீன்கள்

ஆறுகளையும் பெருநிலக் கரைகளையும் ஆராய்ந்த டே, வங்கக் கடலுக்கு அப்பால் உள்ள அந்தமான் தீவுகளுக்கும் சென்றார். போர்ட் பிளேரில் 1858ஆம் ஆண்டு அமைந்த சிறைக்குடியிருப்பினால் அத்தீவுகள் கொடிய பெயர் பெற்றிருந்த காலம் அது. கைதியும் காவலரும் அன்றிப் பிறர் செல்ல அஞ்சிய அவ்விடத்திற்கு, மீன்களைத் தேடி ஒரு மருத்துவர் சென்றார். அங்கு அவர் தொகுத்தவற்றை இலண்டன் விலங்கியற் கழகத்தின் வாயிலாக 1870ஆம் ஆண்டை ஒட்டி வெளியிட்டார். அந்தமான் பழங்குடி மக்களைப் பற்றியும் கட்டுரை எழுதினார்.

அந்தமான் தீவுகள் பர்மாவின் அரக்கான் மலைத்தொடர் கடலுள் மூழ்கி நீண்டு செல்லும் வழியில் தோன்றும் மலைமுடிகளே. அவற்றின் ஓரங்களில் பவளத்திட்டுகள் வளர்ந்துள்ளன. கொள்ளிடத்தின் கலங்கல் நீரைக் கண்டு பழகிய கண்ணுக்கு, அடிமணல் தெரியும் அத்தெளிநீர் பெருவியப்பாக இருந்திருக்கும். பட்டாம்பூச்சி போன்ற மீன், கிளியின் அலகு போன்ற வாயையுடைய மீன், நஞ்சுடைய கடற்சாமந்தியின் நடுவே அச்சமின்றி வாழும் மீன் எனப் பலவகை மீன்கள் அத்திட்டுகளில் உறைகின்றன.

தீவுகளின் மீன்களைப் பற்றி டேக்குப் பின்வந்த அறிஞர் பல உண்மைகளைக் கண்டுள்ளனர். கரையோர மீன்கள் பாறை இடுக்கிலும் பவளத்திலும் வாழ்ந்து பழகியவை; ஆழ்கடலைக் கடந்து செல்லும் இயல்பு அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு இல்லை. ஆயினும் அவற்றின் முட்டைகளும் கண்ணுக்குப் புலனாகாத இளங்குஞ்சுகளும் நீரோட்டத்தில் மிதந்து செல்கின்றன. சில நாட்களுக்குள்ளோ சில வாரங்களுக்குள்ளோ ஒரு கரையை அடைந்தால் பிழைக்கும், அடையாவிடின் மடியும். ஆகவே, பெருநிலத்துக்கு அண்மையில் உள்ள தீவில் மீன்வகை மிகுதி. மிகத் தொலைவிலுள்ள சிறு தீவில் மீன்வகை குறைவு. அவ்வாறு தொலைவில் தங்கியவை பல தலைமுறைகளாகத் தம் இனத்தோடு கலவாமையால், காலப்போக்கில் வேறினமாகவே மாறிவிடுகின்றன. பசிபிக்குப் பெருங்கடலின் நடுவே உள்ள அவாய்த் தீவுகளின் கரையோர மீன்களுள் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு உலகில் வேறெங்கும் இல்லாதவை. அங்கே ஓர் இனம் அழியின், மற்றோர் இடத்திலிருந்து கொணர்ந்து அதனை மீட்டல் இயலாது.

இந்திய நாட்டிற்கு மேற்கே உள்ள இலட்சத்தீவுகள் பவளத்தால் ஆனவை. அத்தீவுகளின் நிலப்பரப்பு முழுவதையும் கூட்டினாலும் 32 சதுரக் கிலோமீட்டர் அளவே ஆகும். ஆயினும், அவற்றைச் சூழ்ந்த நீரில் 600க்கும் மேற்பட்ட மீனினங்கள் வாழ்வதை 1980ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு நூல் விளக்கிற்று. அந்தமான் நிக்கோபார்த் தீவுகளின் நீரில் இன்று அறியப்பட்ட மீனினங்கள் 1400க்கும் மேலாகும்.

நூற்பணியும் நிறைவும்

டே 1877ஆம் ஆண்டு பணியிலிருந்து ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். அவரது பெருநூலாகிய இந்திய மீன்கள் 1875ஆம் ஆண்டு தொடங்கிப் பகுதி பகுதியாக வெளிவந்து 1878ஆம் ஆண்டு நிறைவுற்றது. ஏறக்குறைய 200 படத்தாள்கள் அந்நூலை அணிசெய்கின்றன. ஓய்வுக் காலத்திலும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. பிரிட்டன், அயர்லாந்து நாடுகளின் மீன்களைப் பற்றியும் ஒரு நூல் இயற்றினார்.

அறிஞர் வாழ்விலும் பூசல் உண்டு. பிரிட்டிசு அருங்காட்சியகத்தின் மீன் அறிஞராகிய குந்தருக்கும் டேக்கும் கருத்து வேறுபாடு முற்றியது. டே அரிதின் தொகுத்த மீன்களுள் ஒரு பெரும்பகுதி 1883ஆம் ஆண்டு ஆசுத்திரேலிய நாட்டின் சிட்னி அருங்காட்சியகத்திற்கு விற்கப்பட்டது. இந்திய ஆற்று மீன்கள் இவ்வாறு தென்கடல் நாட்டில் சென்று தங்கின. ஆயினும், தம் வாழ்வின் இறுதியில் தம்மிடம் எஞ்சிய மீன்களைப் பிரிட்டிசு அருங்காட்சியகத்திற்கே அவர் அளித்தார். பகையினும் கல்வியே பெரிது என்பதை இச்செயல் காட்டுகின்றது.

பிரிட்டிசு இந்தியாவின் விலங்குகளைப் பற்றிய நூல்வரிசையில் மீன்களுக்குரிய இரண்டு தொகுதிகளையும் டேயே எழுதினார். அவற்றில் 1418 மீனினங்களை விளக்கினார். அவர் நாடு முழுவதற்கும் கண்ட அத்தொகைக்கு நிகராக, இன்று அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் மட்டுமே மீனினங்கள் அறியப்பட்டுள்ளன. இதனால் டேயின் பணி சிறிதென்று எண்ணுதல் பிழை. அவர் இட்ட அடித்தளத்தின்மீதே பின்வந்தோர் மாடம் எழுப்பினர். அந்நூல் வெளிவந்த 1889ஆம் ஆண்டிலேயே, சூலைத் திங்கள் 10ஆம் நாள், செல்ட்டனாம் என்னும் ஊரில் டே மறைந்தார்.

அவர் வேண்டியது நிறைவேறினும், அவர் இருந்து காணவில்லை. அவர் மறைந்து எட்டு ஆண்டுகள் கழிந்தபின், 1897ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டம் பிறந்தது. வெடிமருந்து இட்டும் நஞ்சு கலந்தும் மீன் பிடித்தலை அது தடுத்தது. ஆற்றுக்கும் கடலோரத்துக்கும் ஒருங்கே பொருந்தும் காவலாக அது அமைந்தது.

ஆயினும், எல்லாம் நன்மையாக முடியவில்லை. காவிரியின் குறுக்கே 1934ஆம் ஆண்டு மேட்டூர் அணை எழுந்தபின், காவிரியில் உள்ளம் மீன் பெரிதும் அருகிற்று. கங்கையின் குறுக்கே 1975ஆம் ஆண்டு பரக்கா அணை இயங்கத் தொடங்கியபின், மேலாறுகளிலும் அம்மீன் குறைந்தது. கடலில் 1998ஆம் ஆண்டு வெப்பம் மிகுந்தபோது, இலட்சத்தீவிலும் அந்தமானிலும் பவளங்கள் வெளுத்துப் பெருமளவில் மடிந்தன. பவளம் மடிந்தால் அதனை அண்டி வாழும் மீன்களும் நிலைகுலையும்.

அணையின்றி உழவு இல்லை. மீனின்றிக் கரையோர மக்களுக்கு வாழ்வு இல்லை. இரண்டையும் ஒருங்கே நோக்கி, இரண்டுக்கும் இடங்கொடுக்கும் வழியைக் காண்பதே அறிவுடைமை. நோயின் மூலத்தை நாடி மருந்து கூறுதல் மருத்துவர் கடன். டே ஆற்றுக்கும் கடலுக்கும் அக்கடனை ஆற்றினார். ஒவ்வொரு மீனையும் அதன் இடத்தில் சென்று கண்டு, பெயரோடும் ஊரோடும் எழுதி வைத்தார். இன்று ஓர் ஆற்றிலோ தீவின் கரையிலோ ஒரு மீனினம் குறைந்தது என்று நாம் உணர்வதற்கு, முன்னே அது அங்கு இருந்தது என்று எழுதி வைத்தவர் ஒருவர் வேண்டும். அப்பணியைச் செய்தமையால் பிரான்சிஸ் டேயின் பெயர் மீனினங்களின் பெயரோடு சேர்ந்து நிலைத்து நிற்கின்றது.